அல்பாலீர்ப்புக் கதைமாந்தரை வைத்துப் பழங்கதையை மீண்டும் எழுதுவோர்க்கு ஒரு வழிகாட்டி

தொன்மத்தையோ தேவதைக் கதையையோ எடுத்து, யார்மீதும் பாலியல் ஈர்ப்புத் தோன்றாத ஒருவரை அதன் நடுவில் வைத்து எழுத வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு நூலை எழுதி அச்சில் பார்க்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அவற்றில் ஓராண்டுக்கு மேல், பொருந்தாத கதையைத் தேர்ந்தெடுத்ததாலும் சரியாகப் படிக்காத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதாலும் வீணாயிற்று. அந்த ஓராண்டை நீங்கள் இழக்கக் கூடாது.

அல்பாலீர்ப்பு என்று நான் சொல்வது, பிறர்மீது பாலியல் ஈர்ப்பு தோன்றாமலோ மிக அரிதாக மட்டுமே தோன்றியோ இருக்கும் இயல்பை. ஏசெக்ஷுவல் என்பதைச் சுருக்கி ‘ஏஸ்’ என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம். காதல் உணர்வே தோன்றாத இயல்பு வேறு. அதை ஏரோமான்டிக் என்பார்கள். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம். உங்கள் கதைமாந்தர் இவற்றுள் எவர் என்பதை முதல் வரி எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. மூலத்தை முழுவதும் படித்த பிறகே கதையைத் தேர்ந்தெடுங்கள்

நான் முதலில் எடுத்தது மணிமேகலையை. இளவரசன் உதயகுமரன் விடாமல் பின்தொடர்கிறான். அவள் அவனை ஏற்காமல் அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்க்குச் சோறிடுகிறாள். என்னைப் போன்ற ஒருத்தியைக் கண்டுவிட்டேன் என்று மகிழ்ந்து அறுபது பக்கங்கள் எழுதினேன். அதன் பிறகுதான், பள்ளிக் காலத்து நினைவை நம்பி எழுதுகிறோமே என்ற உறுத்தலில் காப்பியத்தை முதலிலிருந்து படித்தேன். ஐந்தாம் காதையில் அவளே தன் தோழி சுதமதியிடம் ‘புதுவோன் பின்றைப் போனதென் நெஞ்சம்’ என்கிறாள். தன்னை இகழ்ந்தவன் என்று தெரிந்தும் நெஞ்சு அவன் பின்னால் போகிறதே, இதுதானா காமத்தின் இயல்பு என்று வியக்கவும் செய்கிறாள். முற்பிறப்பில் அவன் அவளுடைய கணவன் இராகுலன் என்பதைக் காப்பியம் பின்னர் விளக்குகிறது. ஈர்ப்பு தோன்றி, அதை உணர்ந்து, அதைக் கடந்து செல்லும் ஒருத்தியின் கதை அது. அதன் அழகும் அங்கேதான் இருக்கிறது. அதை ஏஸ் கதையாக்க வேண்டுமென்றால் அந்த வரிகளை அழித்துவிட்டு எழுத வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் அப்படி மாற்றி எழுத விரும்பினால் அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மாற்றியிருக்கிறேன் என்று முன்னுரையில் சொல்லிவிடுங்கள். மூலத்தை அறிந்த வாசகர் ஒருவர் எடுத்துக்காட்டிய பிறகு விளக்கம் சொல்வது நூலுக்கு நல்லதன்று.

மேலை நாட்டுத் தேவதைக் கதைகளில் இதற்கு நேர்மாறான வியப்பு காத்திருக்கிறது. முத்தத்தால் சாபம் தீரும் என்பதே அந்தக் கதைகளின் உயிர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜெர்மானியக் கதைத் தொகுப்பாளர்களான கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில் ஸ்னோ ஒயிட்டை யாரும் முத்தமிட்டு எழுப்புவதில்லை. கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து செல்பவர்கள் தடுக்கிவிட, தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது; அவள் கண் விழிக்கிறாள். தவளை இளவரசன் கதையில் இளவரசி தவளையைச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள். அப்போதுதான் அது இளவரசனாகிறது. உறங்கும் அழகியின் கதையைக் கிரிம் சகோதரர்கள் சொல்லும்போது முத்தம் இருக்கிறது என்றாலும், நூறாண்டுச் சாபம் முடியும் நாளில்தான் இளவரசன் வந்து சேர்கிறான். 1697-இல் வெளியான, பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் வடிவத்திலோ அவன் மண்டியிட்ட அளவிலேயே அவள் விழித்துக்கொள்கிறாள். ஆகவே முத்தம் இல்லாமல் இக்கதைகளை எழுதினால் மரபைச் சிதைத்துவிட்டதாக எவரேனும் சொல்லும்போது, மூலத்தையே எடுத்துக்காட்ட உங்களால் முடியும்.

கிரேக்கத் தொன்மத்தில் தேடுபவர்கள், அப்ரோடைட்டியைப் போற்றும் ஹோமரியப் பாடல் என்னும் பழங்கிரேக்கத் துதியிலிருந்து தொடங்குங்கள். காதல் தெய்வமான அவளால் இணங்க வைக்க முடியாத மூன்று நெஞ்சங்கள் உண்டு என்று அப்பாடல் தொடக்கத்திலேயே ஏதெனா, ஆர்ட்டெமிஸ், ஹெஸ்டியா ஆகிய மூவரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பொசைடனும் அப்பல்லோவும் மணம் கேட்டு வர, விருப்பமில்லாத அடுப்புத் தெய்வம் ஹெஸ்டியா, தெய்வங்களின் தலைவன் சியூஸின் தலையைத் தொட்டு என்றும் கன்னியாகவே இருப்பேன் என்று உறுதி ஏற்கிறாள். மணத்திற்கு ஈடாக அவளுக்கு வீட்டின் நடுவிடம் அளிக்கப்படுகிறது. மணம் செய்துகொள்ளாதவளுக்கு வீட்டின் ஓரம் என்றில்லாமல் நடுவிடம் கிடைப்பது, இன்றைய ஏஸ் வாசகர் பலருடைய ஏக்கத்தைத் தொடும் செய்தி.

நான் இறுதியில் எடுத்துக்கொண்டது ஔவையாரைப் பற்றிய செவிவழிக் கதையை. பெற்றோர் மணம் பேசத் தொடங்கியதும், இளம்பெண்ணான அவர் விநாயகரிடம் முதுமையை வேண்டிப் பெற்றார் என்பது அக்கதை. பக்தியும் தமிழும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘எனக்கு வேண்டாம்’ என்ற ஒரு சொல் போதாமல், விட்டுவிடுவார்கள் என்பதற்காக ஓர் இளம்பெண் தன் கருங்கூந்தலையே கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு அந்தக் கதையின் நோவாகப் பட்டது. இதை எழுத விரும்புவோர் ஒன்றைக் கவனியுங்கள். ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் புலவர்கள் இருந்திருக்கிறார்கள். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்கப் புலவரையும் இந்தக் கதையின் மூதாட்டியையும் ஒருவராகவே எழுதுவீர்களானால், அது உங்கள் கற்பனை என்பதை முன்னுரையில் தெரிவித்துவிடுங்கள்.

படிப்பதற்கு மட்டும் மூன்று மாதங்களாவது ஒதுக்குங்கள். ஒவ்வொரு கதைக்கும் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், யார் மொழிபெயர்ப்பு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கீழே மூன்றாம் பகுதியில் சொல்லும் வேலைக்கு அது பயன்படும்.

2. நோன்பு, சாபம், குளிர்ந்த நெஞ்சு ஆகியவற்றை இயல்போடு கலக்காதீர்கள்

புதிதாக எழுதுவோர் மிகுதியாகச் சறுக்கும் இடம் இதுதான். பீஷ்மர் தந்தைக்குச் சத்தியவதியை மணமுடித்து வைப்பதற்காகப் பிரமசரிய விரதம் ஏற்றார். விரதம் என்பது ஒருவர் செய்யும் செயல். ஈர்ப்பு இருப்பவரும் விரதம் ஏற்கலாம், ஈர்ப்பு இல்லாதவர் மணம் செய்துகொண்டு மகிழ்ச்சியாகவும் வாழலாம். பிரமசாரிகள் அனைவரையும் ஏஸ் என்று எழுதிவிட்டால், வாசகர் நம் இயல்பையும் ஒருவகை மனக்கட்டுப்பாடு என்றே புரிந்துகொள்வார்.

அடுத்தது புறக்காரணம். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் டாப்னி என்ற வனதேவதையின் கதையில், ஈய முனை கொண்ட அம்பு அவள்மேல் பாய்ந்ததால்தான் அவள் காதலை வெறுக்கிறாள். அதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஈர்ப்பின்மை என்பது யாரோ எய்த அம்பின் விளைவு என்றும் அம்பைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்றும் ஆகிவிடும். சாபம், மந்திரம், சிறுவயதுக் கொடுமை என்று எதைக் காரணமாக வைத்தாலும் இதே சிக்கல்தான். அந்த அம்பை எடுத்துவிட்டு, தந்தையிடம் அவள் கன்னிமையை வேண்டும் காட்சியை அவளுடைய சொந்த விருப்பமாக வைத்து எழுதிப் பாருங்கள், கதை வேறாகிவிடும்.

மூன்றாவது, குளிர்ச்சி. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1844-இல் வெளியிட்ட பனி அரசியின் கதையில், கை (Kai) என்னும் சிறுவனின் நெஞ்சில் மாயக் கண்ணாடித் துண்டு ஒன்று பாய்ந்து அதைப் பனிக்கட்டி ஆக்குகிறது. ஏஸ் பாத்திரம் வேண்டும் என்றதும் பலருடைய மனம் அந்தச் சிறுவனையோ பனி அரசியையோ நோக்கித்தான் போகிறது. அன்பற்றவர்களே ஈர்ப்பற்றவர்கள் என்ற எண்ணம் நம்மை அறியாமல் நம்முள் ஊறியிருப்பதே காரணம். அச்சிறுவனின் தோழி கெர்டாவை அப்படி எழுதிப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை. தோழனைத் தேடி வெறுங்காலோடு பனியில் நடப்பவள் அவள்; அவனை மீட்பது அவள் விடும் கண்ணீர். அந்த அன்புக்கு மணமாலை தேவைப்படவில்லை. அந்தக் கதையிலே நெஞ்சை மரத்துப்போகச் செய்வதும் ஒரு முத்தம்தான்.

3. மூலநூலின் உரிமையைச் சரிபாருங்கள்

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். வில்ஹெல்ம் கிரிம் 1859-இலும் யாக்கோப் கிரிம் 1863-இலும் ஆண்டர்சன் 1875-இலும் இறந்தவர்கள். அவர்கள் எழுதிய மூலங்களுக்குத் தடையேதும் இல்லை. உ.வே.சாமிநாதையர் இறந்தது 1942-இல். அவருடைய மணிமேகலைப் பதிப்பின் உரைக்கும் காலம் முடிந்துவிட்டது.

சிக்கல் மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது. கதை பழையதாக இருந்தாலும், அண்மையில் வந்த மொழிபெயர்ப்புக்கும் உரைக்கும் நாட்டார் கதைத் தொகுப்புக்கும் தனியுரிமை உண்டு. நான் ஒரு கிரேக்கப் பாடலின் அண்மைக்கால ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து பன்னிரண்டு வரிகளைப் பயன்படுத்த அனுமதி கேட்டு எழுதி, நான்கு மாதம் பதிலுக்காகக் காத்திருந்தேன். முடிவில் உரிமைக்காலம் கடந்த வேறொரு பழைய மொழிபெயர்ப்பைத் துணையாகக் கொண்டு என் சொற்களிலேயே எழுதினேன். தொடக்கத்திலேயே அதைச் செய்திருக்கலாம். அனுமதி கேட்டே ஆக வேண்டுமென்றால், எந்த வரிகள், எத்தனை படிகள், அச்சா மின்னூலா, எந்த நாடுகள் என்பவற்றைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். எழுத்தில் வந்த பதிலை மட்டுமே அனுமதியாகக் கொள்ளுங்கள்.

திரைப்படங்கள் சேர்த்தவற்றையும் தவிர்த்துவிடுங்கள். கிரிம் கதையில் ஏழு குள்ளர்களுக்கும் பெயரில்லை; நாம் அறிந்த பெயர்கள் 1937-ஆம் ஆண்டு டிஸ்னி படத்தில் வந்தவை. அமெரிக்காவில் அந்தப் படத்தின் உரிமை 2032 முடியும் வரை இருக்கிறது. மின்னூல் அங்கேயும் விற்கப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

வழிபடப்படும் தெய்வங்களை எழுதுவோர் ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. மத உணர்வைத் திட்டமிட்டு, தீய நோக்கத்தோடு புண்படுத்துவது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவின்படி குற்றம். நோக்கம் அதுவாக இல்லாதபோதும் புகார் வரலாம். நான் இதற்கு 2,500 ரூபாய் செலவிட்டேன். இரண்டு வாக்கியங்களை மாற்றச் சொன்னார், மாற்றினேன்.

4. சொல்லைக் கதைக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்று முடிவு செய்யுங்கள்

சென்னை உயர்நீதிமன்றம் அளித்த வழிகாட்டுதலைத் தொடர்ந்து, பால்புதுமையரை, அதாவது பாலினத்திலோ பாலீர்ப்பிலோ பெரும்பான்மையோரிடமிருந்து வேறுபட்டவர்களைக் குறிக்கும் மதிப்பான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. எழுதும்போது அதை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்மையற்றவர், உணர்ச்சி கெட்டவள் போன்ற சொற்களைக் கதையில் யாரேனும் வசையாகச் சொல்ல நேர்ந்தால் சொல்லட்டும். கதைசொல்லியின் குரலில் அவை வரவே கூடாது.

பழங்காலத்தில் நடக்கும் கதையில் அல்பாலீர்ப்பு என்ற சொல்லை ஒருவர் வாயில் வைப்பது ஒட்டாது. அதற்காகக் குறிப்பால் உணர்த்திவிட்டுப் போகவும் கூடாது. கதைமாந்தர் வீரச் செயல்களில் மூழ்கியிருந்ததால் காதலிக்க நேரமில்லை என்பதுபோல் எழுதினால், நேரம் கிடைத்ததும் காதலிப்பாள் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அவள் தன் சொற்களில் ஒருமுறையாவது சொல்லியாக வேண்டும். என் நூலில் ஔவை தன் தாயிடம், ‘மற்றப் பெண்கள் சொல்லும் அந்தத் தீ என்னிடம் மூண்டதே இல்லையம்மா; அணைத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்’ என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்திற்காக எட்டு முறை எழுதிப் பார்த்தேன். முன்னுரையிலும் பின்னட்டையிலும் அல்பாலீர்ப்பு என்ற சொல்லையே வெளிப்படையாக வைத்தேன்.

சாவை முடிவாக வைப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள். பழங்கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் நாடகத்தில் அப்ரோடைட்டியை மதிக்காத ஹிப்போலிட்டஸ் தேரோடு இழுபட்டுச் சாகிறான். அதை மீண்டும் எழுதுபவர், ஈர்ப்பில்லாதவருக்குத் தெய்வம் தரும் தண்டனையையும் சேர்த்தே எழுதுகிறார்.

5. ஏஸ் வாசகர் இருவரிடமாவது படிக்கக் கொடுங்கள்

நானே ஏஸ் என்பதால் இது தேவையில்லை என்று எண்ணினேன். என் வரைவைப் படித்த ஒருவர் காதல் உறவில் இருக்கும் ஏஸ். ஔவையின் தோழி மணமாகிச் செல்வதை நான் தோல்விபோல எழுதியிருந்தது தம்மைக் காயப்படுத்தியதாகச் சொன்னார். அது என் கண்ணில் படவே இல்லை.

இந்த வேலையை நட்புக்காக இலவசமாகக் கேட்காதீர்கள். 160 பக்க வரைவுக்கு ஆளுக்கு 3,000 ரூபாய் கொடுத்தேன். ஆறு வாரம் அவகாசம் தந்தேன். அரைப் பக்கத்தில் ஓர் ஒப்புதல் கடிதம் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது. வரைவை வெளியே பகிரக்கூடாது என்பதும், அவர் ஏஸ் என்பதையோ அவர் பெயரையோ அவர் ஒப்புதலின்றி நன்றியுரையில் குறிப்பிடக்கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். இரண்டாவது நிபந்தனை மிக முக்கியமானது. வீட்டில் யாருக்கும் சொல்லாதவராக அவர் இருக்கலாம்.

6. ஒப்பந்தத்தைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்

நான் முதலில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், வாசகர் நலன் கருதிப் பதிப்பாளர் திருத்தம் செய்யலாம் என்று ஒரு வரி இருந்தது. மெய்ப்பு, அதாவது அச்சிடுவதற்கு முன் சரிபார்க்கத் தரும் படி, வந்தபோது கடைசி இயலில் ஒரு புலவன்மேல் ஔவைக்கு மெல்லிய காதல் முளைத்திருந்தது; பின்னட்டையில் ‘காதலுக்குக் காத்திருந்த கன்னி’ என்று அச்சாக இருந்தது. அதிலிருந்து வெளியே வர ஏழு மாதங்கள் ஆயின.

நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று: ஆசிரியரின் எழுத்துவழி ஒப்புதலின்றிக் கதையில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது, அட்டை ஓவியத்துக்கும் பின்னட்டை வாசகத்துக்கும் ஆசிரியரின் ஒப்புதல் வேண்டும், உரிமை எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளுக்கு, அச்சுக்கா மின்னூலுக்கா ஒலிநூலுக்கா என்பது தெளிவாக இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்தாண்டுகளுக்கும், இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்கும் மட்டுமே செல்லும். மதிப்பைக் குலைக்கும் விதத்தில் படைப்பு திரிக்கப்பட்டால் அதைத் தடுக்கும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் 57-ஆம் பிரிவின்படி ஆசிரியரிடம் இருக்கிறது. எனக்குத் துணைநின்றது அந்தப் பிரிவுதான். ஆயினும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் ஏழு மாதம் ஆகியிருக்காது.

7. பதிவுகளும் செலவும்

நீங்களே வெளியிடுவதானால், நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இணையவழியில் இலவசமாகத் தருகிறது, தனிநபரும் விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்றையும் நூலின் அட்டை, தலைப்புப் பக்கம் ஆகியவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் இடைநிலை நிறுவனம் ஒன்றுக்கு நான் 3,500 ரூபாய் கொடுத்தேன். அவர்கள் தந்த எண்ணில் பதிப்பாளராக அவர்களுடைய பெயர் இருந்தது.

பதிப்புரிமை எழுதிய அந்தக் கணமே பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. சான்றாக இருக்கட்டும் என்றால் படிவம் 14-இல் விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பத்துக்குரிய நாட்குறிப்பு எண் (டைரி எண்) வந்தபின், எவரேனும் மறுப்புத் தெரிவிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். சான்றிதழ் கைக்கு வர அதற்குப் பிறகும் மாதங்கள் ஆகும். 300 படிகள் அச்சிட எனக்கு 34,000 ரூபாயும், அட்டை ஓவியத்துக்கு 6,000 ரூபாயும் ஆயின. ஓவியரிடம் கதையை முழுவதும் படிக்கக் கொடுங்கள். இல்லையென்றால் அட்டையில் ஓர் இணை நிற்கும்.

ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வர வேண்டுமானால், வரைவைப் படிக்கும் ஏஸ் வாசகர்களின் கருத்துகள் ஜூலைக்குள்ளும் மெய்ப்பு அக்டோபருக்குள்ளும் முடிந்திருக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் அச்சகங்களில் இடம் கிடைப்பது கடினம்.

நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்திற்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மேலும் மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். 1954-ஆம் ஆண்டின் சட்டம் அதைப் பதிப்பாளரின் கடமையாக்குகிறது. மின்னூலாக ஏற்றும்போது, அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தேடுசொற்களுக்கு ஏழு கட்டங்கள் இருக்கும். தொன்மம், தேவதைக் கதை, மறுகதை என்று ஏழையும் நிரப்பிவிடாமல், ஒன்றில் அல்பாலீர்ப்பு என்றும் மற்றொன்றில் ஏசெக்ஷுவல் என்றும் எழுதுங்கள். இந்தக் கதை யாருக்குத் தேவையோ அவர் பெரும்பாலும் அந்த இரண்டாவது சொல்லை வைத்துத்தான், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தேடிக்கொண்டிருப்பார்.